ஜேம்ஸ் வெப் கண்ட ராட்சத கேலக்ஸிகள்: வகுப்பில் என்ன சொல்வது?

கேள்வி: நான் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்புக் கொள்கையைப் பொய்யாக்கிவிட்டதாக யூடியூபில் பார்த்துவிட்டு மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: பெருவெடிப்பைத் தாராளமாக நடத்துங்கள், அதற்கு ஆபத்து வரவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, ஒதுக்கிவிடாதீர்கள்.

2023 பிப்ரவரியில் வானியலாளர் ஐவோ லாபே குழுவினர் 'நேச்சர்' இதழில் ஆறு கேலக்ஸிகளைப் பற்றி எழுதினார்கள். பெருவெடிப்புக்கு 50 முதல் 70 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு இருந்தவை. ஒன்றின் நட்சத்திர நிறை மட்டும் 10,000 கோடி சூரியன்களுக்குச் சமமாக இருக்கலாம் என்றார்கள். பிறந்த குழந்தைக்கு மீசை முளைத்த மாதிரி!

ஏன் இது சிக்கல்? போர்டில் இப்படிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே உணரக்கூடிய இருண்ட பொருள் முதலில் திரள்கிறது, அதன் ஈர்ப்பில் வாயு வந்து விழுகிறது. 100 கிராம் திரளில் சாதாரண அணுக்கள் சுமார் 16 கிராம்தான். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு நட்சத்திரமானாலே அதிகம். வெடிக்கும் நட்சத்திரங்கள் மிச்ச வாயுவை ஊதித் தள்ளிவிடும். இந்த ஆறில் மிகப் பெரியவற்றுக்கோ ஏறக்குறைய 16 கிராமும் அப்படியே நட்சத்திரமாக வேண்டியிருந்தது. அதற்கும் மேலே போனால் அண்டம் வளர்ந்த விதம் பற்றிய கோட்பாடே தவறு என்றாகிவிடும்.

சரி, நிறையை எப்படி அளந்தார்கள்? யாரும் தராசில் வைக்கவில்லை. ஒளியின் நிறத்தை வைத்துக் கணித்தார்கள். சிவப்பு என்றால் வயதான நட்சத்திரங்கள், அதாவது அதிக நிறை. ஆனால் தூசியும் சிவக்க வைக்கும். அப்புறம் ஆறில் ஒன்றின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்தபோது, அது பெருவெடிப்புக்கு சுமார் 100 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தையது என்று தெரிந்தது. உள்ளே ஒரு கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தது! அதன் ஒளியும் நட்சத்திரக் கணக்கில் சேர்ந்திருந்தது. இப்படிப்பட்ட 'சின்னச் சிவப்புப் புள்ளிகளை' நீக்கிய 2024 ஆய்வில், எந்த கேலக்ஸியும் அந்த 16 கிராம் உச்சவரம்பைத் தாண்டவில்லை.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அதே ஆய்விலும் பெரிய கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன. திருத்த வேண்டியது நட்சத்திரம் பிறக்கும் விதம் பற்றிய நம் புரிதலை என்பதே என் கருத்து. அன்றைய வாயு மிக அடர்த்தியானது. ஊதித் தள்ளப்படும் முன்பே நட்சத்திரமாகியிருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் விகிதம்) 14.18. ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் லைமன்-ஆல்ஃபா அலைநீளம் அங்கிருந்து நம்மை வந்தடையும்போது என்ன ஆகும்? செம்பெயர்ச்சியோடு 1 கூட்டி, 15.18-ஆல் பெருக்கினால் சுமார் 1,850 நானோமீட்டர் வரும். அதைவிடக் குட்டையான அலைகளை இடையிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுகிறது. பழைய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பார்வையோ 1,700 நானோமீட்டரோடு சரி. இத்தனை நாள் இது கண்ணில் படாதது ஏன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.