மதுரையில் இருக்கிறேன். வெயில் காலம் வந்ததிலிருந்து என் ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டாரில் கம்பி ஜிர்ரென்று இரைகிறது. என்ன செய்யலாம்?

முதலில், விரல் பலகையில் உலோகக் கட்டைகள் பதிக்காத ஃப்ரெட்லெஸ்ஸில் கம்பி மரத்தை உரசி வரும் 'ம்வா' என்ற இழுவை கோளாறே இல்லை. பலர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஆம்ப்பிலும் கரகரப்பு கேட்டால்தான் கவலை.

நெக்கின் (விரல் பலகை இருக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) தலைப்பக்கம் எல்லாக் கம்பியும் இரைகிறதா? தடித்த ஈ கம்பியைத் தலைப்பக்க முனையிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, கம்பிக்கும் மரத்துக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். நெக் லேசாக வளைந்திருந்தால்தான் அது கிடைக்கும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்தால் அந்த வளைவு போய் நெக் நேராகிவிடும். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று மட்டும் தளர்த்தி, ட்யூன் செய்து, மறுநாள் பாருங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். ராடு உடைந்தால் செலவு பழுக்கும்.

வளைவு சரியாக இருந்தும் மேல் ஸ்வரங்களில் இரைந்தால், உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

ஒரே இடத்தில் மட்டும் என்றால் ரவுண்ட்வவுண்ட் கம்பி (மேல்சுற்று சொரசொரப்பாக இருப்பது) மரத்தை அரித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், கோடு தெரியும். அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டீர்களானால் பள்ளம் இன்னும் ஆழமாகும். பலகை முழுவதையும் சமன் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அப்புறம் மேல்சுற்று வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்கு மாறிவிடுங்கள்.