வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு உறை தேவையா?

வேர் சிகிச்சைக்குப் (ரூட் கெனால்) பின் வலி நின்றுவிட்ட கடைவாய்ப்பல்லுக்கு, அதை மூடிப் பொருத்தும் உறை (கிரவுன்) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வலி நின்றது, பல் வலுப்பெற்றதற்கு அடையாளமன்று. சொத்தையும், வேர்க்குழாய்களை அடைவதற்காகத் துளைத்த வழியும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியைக் குடைந்துவிடுவதால், எஞ்சிய சுவர்கள் மெல்லும் அழுத்தத்தில் வெளிப்புறமாக வளைந்து, ஒருநாள் வேர்வரை பிளந்துவிடக்கூடும். அவ்வாறு பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கவே நேரிடும். உறை அந்தச் சுவர்களைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. சேதம் குறைவான முன்பல்லுக்கு அடைப்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

உறைக்கு இடம் கிடைப்பதற்காக மெல்லும் பரப்பில் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்த்தெடுப்பார்கள். அந்தப் பகுதி மீண்டும் வளராது. எனவே, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் எஞ்சியிருக்கிறதா என்று மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். உறை எதனால் ஆனது, ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையா, உலோகத்தின்மேல் பீங்கானா என்ற கேள்வியைவிட இதுவே முக்கியமானது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் உறையின் பிடிமானம் எஞ்சிய அந்தப் பல் பகுதியில்தான் இருக்கிறது.

பொருத்திய பிறகு கடிக்கும்போது உறை உயரமாகத் தட்டுப்பட்டால், பழகிவிடும் என்று காத்திராமல் சரிசெய்துகொள்ளுங்கள். உறைக்குச் சொத்தை வராது. உறையும் பல்லும் சேரும் விளிம்பில் வரும். நரம்பு நீக்கப்பட்ட பல் அதை வலியால் எச்சரிக்காது என்பதால், அவ்விடத்தைப் பல் இடுக்கு நூலால் நாள்தோறும் சுத்தம் செய்வதும், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.