மச்சான் குடும்பத்தோட டூர், கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுறேன், என்ன பண்ணலாம்?

கேள்வி: வணக்கம் சார். தாம்பரத்துல வாடகை வீடு, கையில வர்ற சம்பளம் 58,000. பசங்க ரெண்டு பேர், 8 வயசு, 11 வயசு. வேலைல லீவே கிடைக்காது, அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது பசங்கள வெளிய கூட்டிட்டு போயிடுவேன், என் மச்சான் குடும்பமும் (4 பேர்) கூட வருவாங்க. செலவெல்லாம் என் கிரெடிட் கார்டுலதான், ரிவார்டு பாயிண்ட் கிடைக்குதேன்னு. இப்ப பாக்கி 1,40,000 ஆயிடுச்சு. மாசம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைஞ்சபட்ச தொகை, 7,000 தவறாம கட்டுறேன். ஆர்டில (மாசாமாசம் போடுற பேங்க் டெபாசிட்) 40,000 இருக்கு, மாசம் 3,000 போடுறேன். இப்ப ஒரு ஹாலிடே கிளப்ல 3.5 லட்சம் மெம்பர்ஷிப், இஎம்ஐல கட்டலாம், வருஷத்துக்கு 7 நைட் ஃப்ரீங்கறாங்க. எடுத்தா டூர் செலவு குறையுமா?

பதில்: சார், கார்டு வட்டி ஜாஸ்தின்னு உங்களுக்கே தெரியும், அதப்பத்தி கிளாஸ் எடுக்கல. மினிமம் டியூ தவறாம கட்டுறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த 7,000 எங்க போகுதுன்னு மட்டும் பாப்போம். மாசம் 3.5% வச்சா 1,40,000க்கு வட்டி 4,900, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 882, ஆக 5,782. அசல்ல கழியுறது 1,218 ரூபா. பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிறதுக்கு வட்டியில்லாத நாள் கணக்கும் கிடையாது, தேய்ச்ச அன்னைலேர்ந்தே வட்டி மீட்டர் ஓடும். பாயிண்ட்டுக்காகன்னு சொல்றீங்க, வருஷம் பூரா சேர்த்த பாயிண்ட்ட வித்தாலும் ஒரு மாச வட்டி தேறாது.

அடுத்தது நீங்க ஓரமா எழுதிட்டு போன விஷயம். கடைசியா ஈசிஆர்ல தீம் பார்க் போனதுக்கு வேன் 6,000, எட்டு டிக்கெட் 9,600, சாப்பாடு 3,400னு பில்ல இணைச்சிருக்கீங்க. மொத்தம் 19,000, அதுல 9,500 உங்க மச்சானோடது. "நீங்க போடுங்க மாமா, அப்புறம் ஜிபே பண்ணிடறேன்"னு சொல்லி எவ்ளோ திரும்பி வந்துச்சுன்னு நீங்க எழுதல, வந்திருந்தா எழுதியிருப்பீங்க. எல்லா டூரும் இதே மாதிரின்னா உங்க பாக்கில கிட்டத்தட்ட பாதி உங்க குடும்பம் செலவு பண்ணதே இல்ல, அதுக்கும் சேர்த்துதான் மாசாமாசம் வட்டி கட்டிட்டு இருக்கீங்க. வீட்ல தம்பிகிட்ட காசு கேக்காதீங்கன்னு சொல்லுவாங்க, சரி, பழைய பாக்கிய கேக்க வேணாம், நானும் அத கணக்குல சேக்கல. ஆனா இனிமே வேன் சொல்றதுக்கு முன்னாடி அவர் பங்கு வந்தாகணும், வரலன்னா வேன் வேணாம் பஸ்ல போலாம்னு சொல்லிடுங்க, இத நீங்க சொல்றத விட அவங்க அக்கா சொன்னா சண்டை வராது.

ஹாலிடே கிளப் எடுக்காதீங்க. மூணரை லட்சத்த விடுங்க, வருஷா வருஷம் மெயின்டனன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அந்த ஆள் அத கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல காட்டுவாரு. 15,000னே வச்சுக்கோங்க, ஏழால வகுத்தா அந்த ஃப்ரீ நைட் ஒண்ணுக்கு 2,100க்கு மேல வருது. சீசன் இல்லாத நாள்ல ஏலகிரிலயோ ஏற்காட்டுலயோ ஏறக்குறைய அந்த காசுக்கே ரூம் கிடைக்கும். மே மாசம், தீபாவளி லீவுன்னா எல்லா மெம்பரும் அதே தேதியத்தான் கேப்பாங்க. அதுக்கும் மேல, லீவே கிடைக்காதுன்னு எழுதின மனுஷன் ஏழு ராத்திரி எப்படி சார் போய் தங்குவீங்க?

செய்ய வேண்டியது இதுதான். ஆர்டிய உடைங்க, ஏழு பர்சன்ட்டுக்கு காச போட்டு வச்சிட்டு நாப்பது பர்சன்ட்டுக்கு மேல வட்டி கட்டுறதுல அர்த்தம் இல்ல. மீதி ஒரு லட்சத்துக்கு பேங்க்ல பர்சனல் லோன், 14% வாக்குல கிடைச்சா 18 மாசத்துக்கு இஎம்ஐ சுமார் 6,200. இப்ப கட்டுற 7,000த்த விட கம்மி, ஒன்றரை வருஷத்துல கடன் முடிஞ்சும் போயிடும். மிச்சம் 800, ஆர்டிக்கு போடுற 3,000, ரெண்டும் சேர்த்து 3,800. அதுல 2,000 டூருக்குன்னு கேஷா எடுத்து தனியா வைங்க, 1,800க்கு மறுபடி ஆர்டி. லோன் வாங்கிட்டு கார்டயும் தேய்ச்சா ரெண்டு கடன் ஆயிடும், அதனால ஆப்ல போய் லிமிட்ட அடிமட்டத்துக்கு இறக்கிடுங்க.

2,000 ரூபால எங்க போறதுன்னு கேப்பீங்க. நீங்க இருக்கறது தாம்பரம் சார்! மாமல்லபுரத்துக்கு அங்கேர்ந்தே பஸ் இருக்கு. கடற்கரை கோயில், ஐந்து ரதம் எல்லாத்துக்கும் சேர்த்து பெரியவங்களுக்கு ஒரு டிக்கெட் 40 ரூபா, 15 வயசுக்கு கீழ காசே கிடையாது, உங்க நாலு பேருக்கு 80 ரூபா. வண்டலூர் ஜூ பக்கத்துலயே, செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. காஞ்சிபுரத்துக்கு செங்கல்பட்டு வழியா எலக்ட்ரிக் ட்ரெயின் போகுது, காலைல மொத ட்ரெயின பிடிங்க, மத்தியானம் கோயில் நட சாத்திடுவாங்க, கைலாசநாதர் கோயில மட்டும் விட்ராதீங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்னா வேடந்தாங்கல், மழை நல்லா பெஞ்ச வருஷம் பாத்து போனா ஏரி மரம் பூரா பறவைதான். பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அந்த ஊர்க்காரங்க ரொம்ப காலமா அதுங்கள காப்பாத்திட்டு வர்றாங்க, 1798லயே கலெக்டர்கிட்ட போயி வேட்டைக்கு தடை வாங்கியிருக்காங்க, பெரியவனுக்கு இத சொல்லுங்க.

கொஞ்சம் தூரமா போகணும்னா செஞ்சி. திண்டிவனம் வழி, 2025ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சே அதே கோட்டை. அங்க இருக்கற ராஜகிரி மலைக்கு கிட்டத்தட்ட 800 அடி ஏறணும், வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிச்சிடணும், தண்ணி நிறைய வேணும், கையில சாப்பாட்டு பை தெரிஞ்சா குரங்கு விடாது.

நான் இந்த ஊரெல்லாம் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தீம் பார்க்னா யாராவது ஒருத்தர் எட்டு டிக்கெட்டையும் ஆன்லைன்ல புக் பண்ணணும், அந்த ஒருத்தர் எப்பவும் நீங்கதான். பஸ்லயும் கவுண்டர்லயும் அவங்கவங்க பர்ஸ்லேர்ந்து அவங்கவங்க எடுத்துக்கலாம், 40 ரூபாய்க்கு "மாமா நீங்க போடுங்க"ன்னு மச்சானுக்கே சொல்ல வாய் வராது. தீம் பார்க்கே போகக்கூடாதுன்னு இல்ல, ரெண்டு மூணு மாசம் டூர் காச சேர்த்து வச்சு உங்க நாலு பேர் மட்டும் போயிட்டு வாங்க.

லோன் காசும் ஆர்டி காசும் வந்த அன்னைக்கே கார்டுல முழுசா கட்டிடுங்க, அக்கவுன்ட்ல ஒரு வாரம் கூட வச்சிருக்காதீங்க. அடுத்த ஸ்டேட்மென்ட்லயும் கொஞ்சம் வட்டி வரும், அது கட்டின தேதி வரைக்கும் ஓடினது, ஏமாத்திட்டாங்கன்னு பதற வேணாம். அதையும் மினிமம் பாக்காம முழுசா கட்டிட்டு, பாக்கி ஜீரோன்னு வந்ததுக்கு அப்புறம் அந்த ஸ்டேட்மென்ட்ட டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.