தாய்ப்பத்திரத்தோடு கிடந்த கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஊர் நூலகக் கூட்டத்தில் பேசும்போது, பேஸ்டன் குடும்பத்துக் கடிதங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் தேடிப் பார்த்தேன். 1477ல் மார்ஜரி என்ற பெண் தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு எழுதிய கடிதத்தின் படம் கிடைத்தது. ஆங்கிலத்தில் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய காதலர் தினக் கடிதம் அதுதான் என்று போட்டிருந்தார்கள். பார்த்ததும் மனசு கனத்துவிட்டது.

காரணம் இருக்கிறது. என் அப்பா போன வருடம் காலமானார். அவர் மஸ்கட்டில் இருந்த பதினொரு வருடமும் அம்மா எழுதிய ஏர்மெயில் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. பீரோவை ஒழித்தபோது பத்திரங்களையும் பட்டாவையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். 500 வருடக் கடிதங்களைக் காப்பாற்றி வைத்த அந்த வெள்ளைக்காரர்களின் பாசமும் வரலாற்று உணர்வும் நமக்கு ஏன் இல்லை? இன்னொரு சந்தேகம்: அடுத்தவர் வீட்டுக் கடிதத்தை இப்படி ஊரே படிப்பது சரிதானா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

டப்பாவைப் போட்டதற்காக உங்களைக் கோபிக்கும் தகுதி எனக்கில்லை. என் தாத்தாவின் கடிதங்கள் எங்கே போயின என்று என்னைக் கேட்டால் எனக்கும் பதில் கிடையாது. ஆனால் ‘வெள்ளைக்காரர்களின் பாசம்’ என்கிறீர்களே, அந்த இடத்தில் நின்று கொஞ்சம் சண்டை போட வேண்டும். பேஸ்டன் வீட்டுக் கடிதங்கள் பிழைத்ததற்குக் காரணம் பாசம் இல்லை, நிலத்தகராறு.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் மாவட்டம். அங்கே பேஸ்டன் என்பது ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரே குடும்பப் பெயர். 1419ல் இறந்த கிளெமென்ட் பேஸ்டன் ஏர் பிடித்து உழுத சம்சாரி. நூறு, நூற்றிருபது ஏக்கர் நிலம், ஒரு சின்ன நீராலை. சேணம் போடாத குதிரையின் முதுகில் தானிய மூட்டையைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஆலைக்குப் போவாராம். அவர் மனைவி பண்ணையடிமைக் குடியில் பிறந்தவர் என்றும் சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றால், குடும்பத்தின் எதிரி ஒருவர் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. எதிரி எழுதியது என்பதால் ஒரு சிட்டிகை உப்போடு சாப்பிடலாம். ஆனால் அதில் ஒரு விஷயம் உறுதியாக நடந்தது. கிளெமென்ட் கடன் வாங்கி மகனைப் படிக்க வைத்தார். அந்த மகன் வில்லியம் வக்கீலாகி, 1429ல் அரசரின் நீதிமன்றத்தில் நீதிபதியே ஆகிவிட்டார்.

படித்தவர் கையில் காசு சேர்ந்தால் என்ன செய்வார்? நிலம் வாங்கினார். வாங்கியதில் பலவற்றுக்கு வில்லங்கம். கிரெஷாம் என்ற பண்ணையை அவருக்கு விற்றது தாமஸ் சாசர், கவிஞர் சாசரின் மகன். வில்லியம் இறந்து நான்கு வருடம் கழித்து, 1448ல், மோலின்ஸ் பிரபு என்பவர் ‘இது எங்கள் வழி வந்த சொத்து’ என்று ஆட்களோடு புகுந்து கிரெஷாமைப் பிடித்துக்கொண்டார். அப்போது குடும்பத்தலைவர் வில்லியமின் மகன் ஜான். அவரும் வக்கீல். வழக்கு நடத்த லண்டனில் கிடக்கிறார். ஊரில் பண்ணையையும் வாடகையையும் அடியாட்களையும் சமாளிப்பது மனைவி மார்கரெட்.

அந்தச் சமயத்தில் மார்கரெட் புருஷனுக்கு எழுதிய ஒரு கடிதம்தான் எனக்கு இந்தக் கட்டிலேயே பிடித்தது. குறுக்குவில் வேண்டும், அதை வளைக்கும் பொறி வேண்டும், அதற்கான அம்புகள் வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். ஏன் குறுக்குவில்? இங்கே வீட்டுக் கூரை ரொம்பத் தாழ்வு, உள்ளே நின்று நீளவில்லை இழுக்க முடியாது என்று காரணமும் சொல்கிறார். எதிராளிகள் கதவுகளுக்குக் குறுக்குச் சட்டம் அடித்திருக்கிறார்கள், வீட்டைச் சுற்றி அம்பும் கைத்துப்பாக்கியும் விடத் துவாரம் போட்டிருக்கிறார்கள் என்று வேவு பார்த்த செய்தி வேறு. அப்புறம் பேச்சை மாற்றக்கூட இல்லை, அப்படியே தொடர்கிறார்: ஒரு பவுண்டு பாதாம் வாங்கி அனுப்புங்கள், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்கு அங்கி தைக்க முரட்டுக் கம்பளித் துணி, அதை இன்னார் மனைவியிடம் வாங்கினால் விலையும் மலிவு, தேர்ந்தெடுக்கவும் நிறைய இருக்குமாம். எனக்குத் தலைமூடி தைக்க ஒரு கெஜம் கறுப்புத் துணி. இந்த ஊரில் நல்ல துணியே கிடைப்பதில்லை.

உங்கள் அம்மா மஸ்கட்டுக்கு எழுதியதிலும் பாதி இப்படித்தான் இருந்திருக்கும், ஆயுதம் நீங்கலாக.

வில் வந்ததோ வரவில்லையோ, கிரெஷாம் நிற்கவில்லை. பிறகு ஒரு ஜனவரியில் மோலின்ஸ் அனுப்பிய ஆயிரம் பேர் துப்பாக்கி, ஏணி, கடப்பாரையோடு வந்தார்கள். உள்ளே மார்கரெட்டோடு பன்னிரண்டு பேர். அவர் இருந்த அறையின் சுவருக்கு அடியில் தோண்டி, அவரைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டார்கள். இது ஜான் பிறகு கொடுத்த மனுவில் உள்ள கணக்கு. மனுவில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அது எந்த ஊர் மனுவாக இருந்தாலும்.

இதெல்லாம் சிறுசு. பெரியது 1459ல் வந்தது. பிரான்ஸ் போரில் பேர் எடுத்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், பிள்ளை இல்லாத கிழவர், கேஸ்டர் கோட்டையில் நவம்பர் 5 அன்று இறந்தார். இரண்டு நாள் முன்னால், 3ஆம் தேதி, அவர் சொன்ன உயில் என்று ஒன்றை ஜான் பேஸ்டன் நீட்டினார். அதன்படி நார்ஃபோக், சஃபோக் சொத்து மொத்தமும் ஜானுக்கு. பதிலுக்கு ஏழு குருமார் அடங்கிய ஒரு மடத்தை அவர் கேஸ்டரில் நிறுவ வேண்டும், ஒரு தொகையும் கட்ட வேண்டும். சாகக் கிடப்பவரின் கட்டிலருகே, குடும்ப வக்கீல் கையில், வக்கீலுக்கே ஆதாயமான உயில்! உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ‘ஜோடித்தது’ என்றார்கள். கோர்ட், சாட்சி, எதிர்சாட்சி. ஜான் மூன்று முறை லண்டன் ஃப்ளீட் சிறைக்குள் போய்வந்தார். 1466ல் செத்தே போனார், வழக்கு சாகவில்லை.

அந்த வருடம் அக்டோபரில் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதினார். கஷ்டகாலத்தில் உன் அப்பா வேறு எந்தப் பொருளையும்விடத் தன் எழுத்துகளையும் ஆதாரங்களையும்தான் பெரிதாக மதித்தார். அவை கைவிட்டுப் போனால் அப்படிப்பட்டவை மறுபடி உனக்குக் கிடைக்கவே கிடைக்காது, ஜாக்கிரதை என்று.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. ‘எழுத்துகள்’ என்றால் பத்திரம் மட்டும் இல்லை. எந்தக் குடியானவர் எந்த நாளில் யாருக்கு வாடகை கட்டினார், யார் வாசலில் வந்து மிரட்டினார், எந்த நீதிபதி எந்தப் பக்கம் சாய்கிறார், எல்லாம் கடிதத்தில்தான் இருந்தது. நாளைக்கே அனுபோகத்தை நிரூபிக்க அது வேண்டியிருக்கலாம். ஆகவே பாதாமும் சர்க்கரையும் கேட்ட கடிதமும் தாய்ப்பத்திரத்தோடு ஒரே பெட்டியில் போனது. காதல் கடிதத்தைக் காதலுக்காக யாரும் அங்கே எடுத்து வைக்கவில்லை. (அதே வருடம் ஜூலையில் அரசர் நான்காம் எட்வர்டு, பேஸ்டன்கள் பண்டுதொட்டே உயர்குடி என்று எழுதிக் கொடுத்தார். குடும்பம் காட்டிய பழைய ஆவணங்களைப் பார்த்துத்தான். கிளெமென்டின் குதிரை அந்தக் கட்டில் இருந்திருக்காது!)

பிற்பாடு பேஸ்டன்கள் பிரபுக்களாகவே ஆனார்கள். கடைசிப் பிரபு 1732ல் கடனோடு இறந்தபோது வம்சம் முடிந்தது. 1735ல் பிளோம்ஃபீல்டு என்ற பாதிரியார், நார்ஃபோக் வரலாறு எழுதிக்கொண்டிருந்தவர், பேஸ்டன்களின் ஆக்ஸ்னெட் மாளிகையில் முப்பது நாற்பது பெட்டி ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தார். சொத்துக்கான பத்திரங்கள் ஒரு பக்கம். கடிதங்களை அறையின் மூலையில் தனிக் குவியலாகத் தள்ளினார், பல சாக்கு பிடிக்கும் அளவுக்கு. உங்கள் வீட்டில் நடந்த அதே தரம்பிரிப்பு, ச. அந்தக் குவியலில் பிழைத்தது ஆயிரம் சொச்சம். அது கைமாறி, ஒரு மருந்துக்கடைக்காரர்வரை போய், 1774ல் ஜான் ஃபென் என்பவரிடம் வந்தது. அவர் 1787ல் அச்சிட்டார். அச்சிட்டவற்றின் மூலங்களை அரசருக்குக் கொடுத்து சர் பட்டம் வாங்கினார். அரசரிடம் போனவை காணாமல் போயின! 1865ல் ஒருவர் ‘இவை அசல்தானா, மூலம் எங்கே?’ என்று கேட்டு எழுத, அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழைய பங்களாக்களிலிருந்து வெளியே வந்தன. அரசருக்குக் கொடுத்தவை 1889ல் சஃபோக்கில் ஒரு வீட்டில் அகப்பட்டன. இன்று பெரும்பாலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இரண்டாவது கேள்வி, அடுத்தவர் கடிதம். இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. நீங்கள் பார்த்த அந்த 1477ஆம் ஆண்டுக் காதல் கடிதம் மார்ஜரி ப்ரூஸின் கையெழுத்து இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதியது அவருடைய அப்பாவின் குமாஸ்தா. அப்பா வரதட்சிணையைக் கூட்ட மாட்டேன் என்கிறார், ஆனாலும் என்னை விட்டுவிடாதே என்று மகள் கெஞ்சுவதை அதே அப்பாவிடம் சம்பளம் வாங்குகிறவர் எழுதினார். மார்கரெட்டின் நூற்றுச் சொச்சம் கடிதங்களும் அப்படித்தான், பல கைகள். நாம் ‘அந்தரங்கம்’ என்று நினைப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று சில நேரம் தோன்றும்.

தெரிந்திருந்தது. மார்கரெட்டின் கணவர் ஜானின் தங்கை எலிசபெத், மனைவியை இழந்த, வயதான, முகம் சிதைந்த ஒருவருக்கு வாழ்க்கைப்படுவது பற்றிப் பேச்சு நடந்த நாட்களில், தாய் ஆக்னஸ் மகளை அடைத்துப் போட்டு, வாரம் ஒருமுறை இருமுறை, சில நாள் ஒரே நாளில் இருமுறை அடித்தார்; தலையில் இரண்டு மூன்று இடத்தில் காயம். இதை ஜானுக்கு எழுதிய உறவுக்காரப் பெண், படித்ததும் எரித்துவிடு, ஒருவரும் பார்க்கக்கூடாது என்கிறார். ஜான் எரிக்கவில்லை. வக்கீல் அல்லவா!

எரிக்கச் சொன்ன இன்னொரு கடிதம் உண்டு. குடும்பத்தின் பண்ணைக் காரியஸ்தர் ரிச்சர்ட் காலே. மார்கரெட் சொல்லக் கடிதம் எழுதிய கைகளில் அவர் கையும் ஒன்று. அவரும் மார்கரெட்டின் மகள் மார்ஜரியும் (இது வேறு மார்ஜரி) ஊருக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலச் சட்டப்படி அது கல்யாணமேதான். குடும்பம் கொதித்தது. என் தங்கையை ஃப்ராம்லிங்ஹாமில் மெழுகுவர்த்தியும் கடுகும் விற்க வைப்பானா என்று தமையன் எழுதினான். பிரித்து வைக்கப்பட்ட நாட்களில் ரிச்சர்ட் அவளுக்கு எழுதினார்: உன்னோடு பேசி ஆயிரம் வருடம் ஆனது போல இருக்கிறது, இதை யாருக்கும் காட்டாதே, படித்தவுடன் எரித்துவிடு. அந்தக் கடிதம் இன்று பேஸ்டன் ஆவணக்கட்டில் இருக்கிறது. அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே பிடுங்கப்பட்டதா, நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

1469 செப்டம்பரில் நார்விச் பிஷப் அவளை அழைத்து, என்ன வார்த்தை சொல்லி வாக்குக் கொடுத்தாய் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அந்த வார்த்தைகள் போதாது என்றால் இங்கிருந்து போவதற்குள் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னாள். தாய் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். அதே மாதம் கேஸ்டர் கோட்டை நார்ஃபோக் டியூக்கின் படையால் சூழப்பட்டு, உள்ளே இளைய மகன் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த அமளியிலும் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதியது இது: மனதைத் தளரவிடாதே, நாம் இழந்தது ஒரு உதவாக்கரையைத்தான்.

தாயும் மகளும் சமாதானம் ஆனதாக ஒரு கடிதத்தையும் நான் படித்ததில்லை. ரிச்சர்ட் பிறகும் அந்த வீட்டு வேலையைப் பார்த்தார், அவ்வளவுதான் தெரியும்.

1482 பிப்ரவரியில் மார்கரெட் உயில் எழுதினார். நீண்ட, வறண்ட, வரிவரியாகப் பங்கு பிரிக்கிற பத்திரம். நடுவே ஒரு வரி: ‘என் மகள் மார்ஜரியின் மகன் ஜான் காலேவுக்கு’ இருபது பவுண்டு பணம், அவனுக்கு 24 வயது ஆகும்போது. அதற்குள் அவன் இறந்துவிட்டால், மார்ஜரியின் மற்ற பிள்ளைகள் வில்லியமுக்கும் ரிச்சர்டுக்கும்.

நீங்கள் பத்திரங்களை எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை உட்கார்ந்து படியுங்களேன். எல்லைகளை விடுங்கள். சாட்சிக் கையெழுத்து யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்