ஒரே இனமா, ஒரே கூட்டமா? கடல்மீன் டிஎன்ஏ பற்றிய கேள்வி பதில்

மேடம், குறிப்பான் என்பதும் மரபணு என்பதும் ஒன்றா?

இல்லை. மீனுக்கு மீன் மாறுபட்டு, தாய் தகப்பனிடமிருந்து குஞ்சுக்கு வந்து, ஆய்வகத்தில் படிக்கவும் முடிகிற டிஎன்ஏ இடம் எதுவும் குறிப்பான்தான். பல குறிப்பான்கள் எந்த மரபணுவுக்குள்ளும் இருப்பதில்லை.

முதுகலை ஆய்வு தொடங்கப்போகிறேன். மைட்டோகாண்ட்ரியா, மைக்ரோசாட்டிலைட், எஸ்என்பி: எந்தக் குறிப்பானை எடுக்கட்டும்?

உங்கள் கேள்வியை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். "இது எந்த இனம்?" என்பதுதான் கேள்வி என்றால் மைட்டோகாண்ட்ரியாவின் (உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) சிஓஐ மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி) போதும். 2005-ல் ஆஸ்திரேலியாவின் 207 மீனினங்களை இந்தத் துண்டை வைத்தே பிரித்துக் காட்டினார்கள். ஆனால் இது தாய்வழியாக மட்டும் வருவது. தகப்பன் வழிச் செய்தி இதில் கிடையாது.

ஓர் இனத்துக்குள் எத்தனை கூட்டம் (தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் மீன்தொகுதி) என்று கேட்டால் உட்கருவின் டிஎன்ஏ வேண்டும். மைக்ரோசாட்டிலைட்டில் சிஏ, சிஏ, சிஏ என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும். ஒரு மீனில் 14 முறை, அதே வலையில் வந்த இன்னொன்றில் 19 முறை இருக்கலாம். வேறுபாடு ஏராளம், ஆனால் ஒரு ஆய்வகத்தின் அளவு இன்னொரு ஆய்வகத்தோடு அப்படியே ஒத்துப்போகாது. எஸ்என்பி ஒற்றை எழுத்து மாற்றம். தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சமே சொல்லும், ஆயிரக்கணக்கில் எடுத்தால் நிறையச் சொல்லும். கைக்கு எட்டினால் நான் இதையே எடுப்பேன்.

எங்களுக்கு எஃப்எஸ்டி (கூட்டங்களுக்கு இடையிலான மரபு வேறுபாட்டின் அளவு; சுழியம் என்றால் வேறுபாடே இல்லை) 0.003 வந்திருக்கிறது. எல்லாம் ஒரே கூட்டம் என்று எழுதிவிடலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். கடல்மீன் ஆய்வில் அடிக்கடி நடக்கும் தவறு இது. முட்டையும் இளங்குஞ்சும் நீரோட்டத்தில் போகின்றன, கூட்டங்களும் மிகப் பெரியவை. அதனால் எஃப்எஸ்டி தாழ்ந்துதான் இருக்கும். தலைமுறைக்குச் சில பத்து மீன்கள் இடம் மாறினாலே அது சுழியத்தை ஒட்டிவிடும். ஒரு பகுதியை வழித்துப் பிடித்துவிட்டால் அந்தச் சில பத்து மீன்கள் வந்து அதை நிரப்பிவிடுமா?

அட்லாண்டிக் ஹெர்ரிங்கைப் பாருங்கள். சாதாரணக் குறிப்பான்களில் பால்டிக் கடல் மீனுக்கும் வெளிக்கடல் மீனுக்கும் வித்தியாசமே தெரியாத அளவுதான். முழு மரபுத்தொகுதியையும் (மீனின் டிஎன்ஏ முழுவதையும்) படித்தபோது, உப்புத்தன்மையோடும் முட்டையிடும் பருவத்தோடும் தொடர்புள்ள நூற்றுக்கணக்கான இடங்களில் பெரிய வேறுபாடு தெரிந்தது. உண்மையிலேயே ஒரே கூட்டமாக இருப்பவையும் உண்டு: ஐரோப்பிய விலாங்கு முழுவதும் சர்காசோ கடலில்தான் முட்டையிடுகிறது. எஃப்எஸ்டி மதிப்பை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, முட்டையிடும் இடமும் பருவமும் தெரிய வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

துடுப்பில் நகக்கண் அளவு துண்டு போதும். 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, டிஎன்ஏ சிதைந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் கத்தரியைத் துடையுங்கள். முடிந்தால் முட்டையிடும் பருவத்தில், முட்டையிடும் இடத்திலேயே எடுங்கள். இரை தேடும் இடத்தில் பல கூட்டங்கள் கலந்து நிற்கும்.

லட்சக்கணக்கில் இருக்கும் மீனுக்கு மரபணு வளம் குறையுமா, சார் ஒருவர் குறையாது என்கிறாரே?

குறையும். நியூசிலாந்தின் டாஸ்மன் விரிகுடா ஸ்னாப்பர் மீனில், 1950 முதல் சேர்த்து வைத்த செதில்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் லட்சக்கணக்கான மீன்கள் இருந்தும் வேறுபாடு குறைந்துகொண்டே வந்திருந்தது. லட்சம் மீன் முட்டையிட்டாலும் பிழைத்து வளரும் குஞ்சுகள் வெகுசில பெற்றோருக்கே உரியவையாக இருக்கலாம். உங்கள் ஆய்வகத்து அலமாரியில் வயது பார்க்க எடுத்த பழைய செதிலோ காதுக்கல்லோ உறையில் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.