நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைக் காக்க வைக்க வேண்டாம்

கேள்வி: என் கலப்பினப் பசு நேற்று இரவு 11 மணிக்குக் கிடேரிக் கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கறக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னதால் காலை 6 மணி வரை கன்றுக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு கொடி விழுந்ததும் ஒரு லிட்டர் சீம்பால் குடித்தது. போன ஈற்றில் பிறந்த கன்று பத்தாம் நாள் கழிச்சல் கண்டு இறந்துவிட்டது. இதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் போய் இன்னொரு முறை கறந்து கொடுங்கள். கன்று சுமார் 30 கிலோ இருக்கும் என்றால் முதல் நாளில் மட்டும் 3 லிட்டர் சீம்பால், அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு லிட்டர் போதாது. மீதியை இன்று இரவுக்குள் இரண்டு மூன்று தடவையாகக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், மாட்டின் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கன்றின் இரத்தத்துக்குப் போக வழியே இல்லை, கன்று வெறும் கையோடுதான் பிறக்கிறது, அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு முழுக்க அந்தச் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த புதிதில் கன்றின் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்த வாசல் சுருங்கிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக மூடிவிடும். அதனால்தான் முதல் 2 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறோம். நீங்கள் 7 மணி நேரம் இழந்துவிட்டீர்கள், ஆனால் எல்லாம் போய்விடவில்லை. வாசல் மூடிய பிறகும் சீம்பால் குடலுக்குள்ளேயே நின்று கிருமியை எதிர்க்கும் என்பதால் மூன்று நான்கு நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள்.

நஞ்சுக்கொடி விஷயத்தை வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாய்க்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அதே சுரப்புதான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது. ஆகவே சீக்கிரம் ஊட்டினால் கொடி விழவும் உதவிதான். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம். சீம்பாலைக் காய்ச்சாதீர்கள், திரிந்து கட்டியாகிவிடும், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எதிர்ப்புப் பொருள் கெடத் தொடங்கும். ஆறியிருந்தால் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். அப்புறம், மூங்கில் குழாயோ பாட்டிலோ வைத்து வாயில் ஊற்றாதீர்கள். சுத்தமான விரலை அதன் வாயில் விட்டுப் பாருங்கள்: வாய் சூடாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தால், ரப்பர் காம்பு வைத்த பாட்டிலில் தானாகவே குடிக்கும். வாய் சில்லென்று இருந்து விரலைச் சப்பாமல் விட்டால் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதிகம். நல்ல மனதோடு ஊற்றி, மூன்றாம் நாள் மூச்சு வாங்கும் கன்றைக் கொண்டுவந்து நிற்பவர்களைப் பார்க்க மிகவும் வருத்தமாக இருக்கும். சப்பாத கன்றை உலர்ந்த சாக்கால் நன்றாகத் தேய்த்துச் சூடு ஏற்றுங்கள், சீம்பாலைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்குவதை மருத்துவர் செய்யட்டும்.

தொப்புளுக்கு டிங்சர் அயோடின் போட்டீர்களா? கேள்வியில் அதைச் சொல்லவே இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தொங்கும் தொப்புள்கொடி முழுதும் நனையும்படி முக்கி எடுங்கள், காயும்வரை தினம் இரண்டு வேளை. தொப்புள் தடித்துச் சூடாக இருந்தாலோ, முழங்கால் மூட்டு வீங்கினாலோ, கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

போன கன்றையும் இப்படித்தான் காக்க வைத்தீர்கள் என்றால் அதன் கழிச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இந்த முறை கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாதீர்கள், கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் இழப்பதுதான். இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் கன்றுகளுக்கான உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள், உடனே படியாமல் இரண்டு வினாடிக்கு மேல் கூடாரம் போல நின்றால், கண்ணும் குழி விழுந்திருந்தால், அதே நேரத்தில் மருத்துவரை அழைக்க வேண்டும், நரம்பில் ஏற்றும் நீர் தேவைப்படும். மீதமிருக்கும் மாத்திரையைக் கண்ணளவில் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

தரை ஈரமில்லாமல், தினம் காய்ந்த வைக்கோல் போட்டுப் பெரிய மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். குடற்புழு மருந்தை 10 முதல் 14 நாளில், எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள், உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே வந்துவிடும்.

நாளைக் காலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 101 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் சரி. அந்த எண்ணையும், மொத்தம் எத்தனை லிட்டர் குடித்தது, கறுத்துப் பிசுபிசுப்பான முதல் சாணம் போட்டுவிட்டதா என்பதையும் எழுதுங்கள்.