உளநலக் கேள்வி பதில்: தம்பியைப் பார்க்கும் அக்காவுக்கு

கேள்வி: எனக்கு வயது 53. தம்பிக்கு 46. அவருக்கு இருபத்திரண்டு வயதில் உளப்பிளவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று வைத்தியர் சொன்னார். சென்ற வருடம் அம்மா தவறும்வரை நாங்கள் இருவருமாகப் பார்த்தோம். இப்போது நான் தனி. பகல் முழுவதும் படுத்திருக்கிறார், நாலைந்து நாள்களுக்குக் குளிப்பதில்லை, பக்கத்து வீட்டார் மதிலுக்கு அப்பால் நின்று தன்னைப் பற்றிக் கதைப்பதாக இரவில் என்னை எழுப்பிச் சொல்கிறார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரங்கள் மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார்கள். "நீ கத்துவதால்தான் அவனுக்கு வருத்தம் கூடுகிறது" என்றும் சொல்கிறார்கள். கத்துவது உண்மை. பிறகு குசினிக்குள் நின்று அழுவதும் உண்மை. சென்ற கிழமை, இவன் இல்லாதுவிட்டால் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நான் பாவியா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: இல்லை, சகோதரி. இருபத்துநான்கு வருடங்களாக ஒரே வீட்டில் இந்த நோயோடு இருந்த ஒருவருக்கு அந்த நினைப்பு ஒருமுறைகூட வராதிருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். அது தம்பி சாக வேண்டும் என்ற விருப்பமன்று. ஒரு நாளாவது இந்தப் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று உடம்பு கேட்பது. ஆனால் அதே நினைப்பு நாள்தோறும் வரத் தொடங்கினாலோ, நித்திரையும் பசியும் கிழமைக்கணக்கில் குறைந்தாலோ, தம்பியின் கிளினிக் நாளிலேயே உங்களைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கடிதத்தின் ஓரத்தில் உங்களுக்குப் பிரஷர் இருப்பதாகவும், அதற்கான கிளினிக்குக்குப் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிலில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கிளினிக்குக்குப் போவதுதான்.

இனி, சகோதரங்கள் சொன்னதற்கு வருவோம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; மறுபாதியை அவர்கள் அறிந்திருக்கவில்லை. 1950களின் இறுதியில் ஜோர்ஜ் பிரவுண் என்னும் சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இங்கிலாந்தில், நெடுங்காலம் மனநோய் வைத்தியசாலைகளில் இருந்து வெளியேறிய ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறைகளுக்கும் சகோதரங்களின் வீடுகளுக்கும் போனவர்களே நோய் திரும்பாமல் கூடுதலாக நிலைத்து நின்றார்கள். பின்வந்த ஆய்வுகள் இதன் காரணத்தைத் துருவிப் பார்த்து, ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மிஞ்சிப் பொத்திப் பொத்தி வளர்த்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் மிகுந்த வீட்டில் நோய் விரைவாகத் திரும்புகிறது என்று காட்டின. அத்தகைய வீட்டில் நோயாளியும் உறவினரும் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கியதாகவும் கண்டார்கள். கவனியுங்கள்: நோயை உண்டாக்கியது வீடு என்று அவர்கள் சொல்லவில்லை. குறைகூறல் பெரும்பாலும் களைப்பிலிருந்தே பிறக்கிறது. ஆகவே "கத்தாதே" என்று ரொறன்ரோவிலிருந்து சொல்வதால் எதுவும் மாறாது. கத்துகிறவருக்கு ஓய்வு கொடுத்தால் மாறும். நீங்கள் தம்பியோடு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணையே சகோதரங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அவர்களிடம் காசுக்கு மேலாக நேரத்தைக் கேளுங்கள். ஆளுக்குக் கிழமையில் ஒரு நாள், அரை மணித்தியாலம், வீடியோவில் தம்பியோடு கதைக்கட்டும். உங்களோடு அல்ல, தம்பியோடு. அனுப்பும் காசில் ஒரு பகுதியை ஒதுக்கி, கிழமைக்கு இரண்டு பின்னேரங்கள் வீட்டில் இருக்கக்கூடிய நம்பிக்கையான ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களுக்கு வருகிறவர்கள், அதில் பத்து நாள்களாவது தம்பியின் பொறுப்பை எடுக்க, நீங்கள் வேறு வீட்டில் போய்ப் படுத்தெழும்புங்கள். (சொக்லேட்டும் புத்திமதியும் கொண்டுவருகிறவர்கள் ஒரு கிளினிக் நாளில் வாங்கிலில் நாலு மணித்தியாலம் இருந்து பார்த்தால், அடுத்த வருடம் புத்திமதி குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.) போவதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் குளிசைகளின் பெயர், நேரம், அடுத்த கிளினிக் திகதி, நோய் கூடுவதற்கு முன் தம்பியிடம் தெரியும் அடையாளங்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து நித்திரையில்லாமல் நடப்பது, யன்னலைத் துணியால் மறைப்பது என்று நீங்கள் குறிப்பிட்டவை விலைமதிப்பற்ற தகவல்கள். அவை உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பது நல்லதல்ல.

படுத்தே கிடப்பது பற்றி: இந்த நோயில் கூடுதலாக வந்து சேருபவை சில, காதில் கேட்கும் குரல்களும் சந்தேகமும் அப்படிப்பட்டவை. ஒருவரிடமிருந்து கழன்றுபோகிறவை வேறு சில. முயற்சி, பேச்சு, முகத்தின் உயிர்ப்பு ஆகியவை அவை. மருந்துகள் முதல் வகையை நன்றாக அடக்குகின்றன. இரண்டாவது வகையில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. ஊர் அதைச் சோம்பல் என்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம். குளிசையின் மயக்கமும் இதில் ஒரு பங்காக இருக்கலாம். நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

குளிப்பைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்த ஒரு தாய் செய்ததைச் சொல்கிறேன். "எழும்பு, நாறுகிறாய்" என்று காலை முழுவதும் சொல்லி அலுத்த அவர், பிறகு பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் கிணற்றடிக் கல்லில் துவாயையும் மாற்றுச் சாரத்தையும் சவர்க்காரத்தையும் வைத்து, இரண்டு வாளி தண்ணீர் அள்ளி நிரப்பி, மகனின் அறை வாசலில் "தண்ணி அள்ளி வைச்சிருக்கிறன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவார். முதல் கிழமை தண்ணீர் அப்படியே கிடந்தது. மூன்றாவது கிழமை ஒரு நாள் வாளி வெறுமையாக இருந்தது. அன்று அவர் எதுவும் சொல்லாமல் கோப்பி ஊற்றிக் கொடுத்தாராம். "பார், குளித்தால் எவ்வளவு நல்லாயிருக்கு" என்று சொல்லாமல் விட்டதுதான் அதில் மிகக் கடினமான பகுதி என்றார்.

மதிலுக்கு அப்பால் கதைக்கிறார்கள் என்று அவர் சொல்லும்போது வாதாட வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாயிருக்கிறது என்று தெரிகிறது" என்பதோடு நிறுத்தி, விளக்கைப் போட்டுச் சற்று நேரம் கூட இருங்கள். பேச்சு எட்டு மணிக்கா இரண்டு மணிக்கா வருகிறது என்பதைக் குறித்து வைத்திருந்தால் கிளினிக்கில் பயன்படும். செய்வினை பார்க்கச் சொல்லி மூத்த அண்ணா எழுதியதாகக் கடிதத்தில் நீங்கள் சொன்னதைப் பற்றி: கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன், குளிசையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

1950களில் அமிர்தசரசில் வித்யாசாகர் என்னும் வைத்தியர், இடமில்லாத மனநோய் வைத்தியசாலையின் வளவில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். பக்கத்துக் கூடாரத்துத் தாயிடமிருந்து கற்றதே பலருக்கு வைத்தியர் சொன்னதைவிட மனதில் தங்கியது. கிளினிக் வாங்கிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உறவினர்களுக்கான கூட்டம் நடக்கிறதா என்று தாதியிடம் விசாரியுங்கள். நடக்காவிட்டால் நீங்கள் இருவருமே ஒரு கூட்டம்தான்.

கேள்வி: என் மனைவி குளிசை எடுக்க மறுப்பதால், ஐந்து மாதங்களாகத் தேநீரில் கரைத்துக் கொடுக்கிறேன். அவர் இப்போது அமைதியாக இருக்கிறார். இது பிழையா? (தோட்டக்காரர், கரவெட்டி)

பதில்: அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை, ஆனாலும் நிறுத்துவதற்கான வழியைத் தேடுங்கள். தன்னை யாரோ நஞ்சூட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர் ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளைத் தூளைக் கண்டால், அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடுகிறது. அதன் பின் உங்கள் கையால் எதையும் வாங்கமாட்டார். அதோடு தனக்கு என்ன மருந்து போகிறது என்று தெரியாதவர், அதனால் வரும் இறுக்கத்தையும் தலைச்சுற்றையும் புதிய வருத்தமாகவே நினைப்பார். ஆயினும் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. முதலில் நீங்கள் தனியே போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் உங்களைத் திட்டுவதற்கு அங்கே இருக்கவில்லை.

மனைவி ஏன் மறுக்கிறார் என்று யாரேனும் கேட்டார்களா? உடல் பருமனாவது, வாயில் நீர் வடிவது, கைகால் இறுகுவது, மாதவிடாய் நின்றுபோவது போன்றவற்றைப் பெண்கள் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. மருந்தை மாற்றினாலே மறுப்பு தீர்ந்த வீடுகள் உண்டு. இரண்டு கிழமைக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. நாள்தோறும் இருவருக்கும் இடையில் நடக்கும் குளிசைச் சண்டை அதனால் இல்லாமற் போகும்.

தோட்டம் செய்கிறவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக் கூரைச் சலாகையில் செருகி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மனநோய் உள்ள வீட்டில் அது பூட்டிய பெட்டிக்குள், திறப்பு உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 1995இலிருந்து மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மனம் உடைந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது. நிலைமை கைமீறினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கதைத்து ஆலோசனை பெறுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அது பராமரிப்பவருக்கும் உரியது.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மகளுக்கு மனநோய். தாய் வெளியில் வருவதேயில்லை. அயலவராக நாங்கள் என்ன செய்யலாம்? (வாசகர், மானிப்பாய்)

பதில்: அந்த வீட்டில் டெங்கு என்றால் என்ன செய்திருப்பீர்களோ அதையே செய்யுங்கள். கறி கொண்டுபோங்கள். "இப்ப எப்படி, அந்தப் பிரச்சினை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்காதீர்கள், "மகள் எப்படி இருக்கிறா?" என்று வழக்கமான குரலில், பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிள்ளையிடமும் நேரே இரண்டு வார்த்தை கதையுங்கள். "விசர்" என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்கையில் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கோ" என்று சொன்னால் அந்தத் தாய் ஒருநாளும் சொல்லமாட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் வந்து இருக்கிறன், நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ" என்று சொல்லுங்கள், பிறகு நாலு மணிக்குப் போய் இருங்கள்.